செம்பட்டைக் கூந்தல்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
18.2.2024

அன்புத் தங்கை ரமணிக்கு,

அக்கா எழுதுகிறேன். கடல் தாண்டி மீரியில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கவேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுதல். இங்கே அத்தானுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் மாறிவிட்டது. மற்றபடி அவர் சுகம், அதிராவும் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் கைப்பேசி பாதி நாள் அதிரா கையில்தான் இருக்கிறது. மண்டபக்காரர், பூக்காரர், சமையல்காரர் எல்லாருக்கும் அந்த எண்தான். மாப்பிள்ளை யுகேந்திரன் வந்தாலும் அதில்தான் படம் பார்க்கிறார். நான் எழுதப்போவது அவர் கண்ணில் படக்கூடாது.

மார்பில் கட்டி என்று சொன்னேன் அல்லவா, அது புற்றுநோய்தான். மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பிழைத்துக்கொள்வேன் என்கிறார் டாக்டர். நானும் நம்புகிறேன். ஆனால் முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வருகிறது. மாப்பிள்ளையின் அம்மா தனலெட்சுமியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று பின்வாங்கிவிடுவார்களோ என்று பயம். செப்டம்பர் எட்டாம் தேதி தாலி ஏறட்டும். பிறகு நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

விக் வைக்கலாம் என்றால் கடையில் இருப்பதெல்லாம் கன்னங்கரேல். மாப்பிள்ளை வீடு இருக்கிற பட்டர்வொர்த் வரைக்கும் என்னைச் செம்பட்டை துளசி என்றுதானே தெரியும்! கறுப்பு விக்கோடு போய் நின்றால் நானே தண்டோரா போட்ட மாதிரிதான். சாயம் போட்ட விக்கும் ஆகாது. மருந்தால் தலைத்தோல் வெந்து கிடக்கிறது, சாயம் பட்டால் புண்ணாகும் என்று நர்ஸ் எச்சரித்தார். சூலியா தெருவில் ஒரு சீன அம்மா கையாலேயே விக் கட்டுகிறார். சாயம் படாத நீள முடி கொண்டு வந்தால் செய்து தருவாராம்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உன் முடியைத் தருவாயா? உன் முடி கறுப்புதான். ஆனால் வீட்டுச் சாமான்களை வைத்தே மெல்ல மெல்ல நிறத்தைக் குறைக்கலாம் என்கிறார்கள். நீ சரி என்றால் விவரம் எழுதுகிறேன். முடியாது என்றாலும் சொல்லிவிடு, கோபிக்கமாட்டேன்.

உன் அக்கா,
துளசி

---

மீரி
3.3.2024

என் உயிர் அக்காவுக்கு,

ரமணி எழுதுவது. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இப்போது வாந்தி எப்படி இருக்கிறது? கஞ்சியாவது குடிக்கிறீர்களா? அத்தான் கூட இருக்கிறாரா?

முடி என்ன முடி! என் உயிரைக் கேட்டாலும் தருவேன். அம்மா போனபிறகு பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் எனக்கு இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டியது யார்? இந்த முடியே நீங்கள் வளர்த்ததுதான். அதைக் கேட்க உங்களுக்குக் கூச்சமா?

இடுப்பு வரைக்கும் இருக்கிறது. எத்தனை அங்குலம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். எப்படி நிறம் குறைப்பது என்று உடனே எழுதுங்கள். அதிராவுக்கு என் முத்தங்கள். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் ரமணி

---

ஜார்ஜ்டவுன்
20.3.2024

ரமணி கண்ணே,

நீ நன்றாக இரு. உன் வீட்டுக்காரரையும் கேட்டதாகச் சொல். கஞ்சி இறங்குகிறது, ஆனால் வாயில் இரும்பைச் சப்பிய மாதிரி ருசி. தலை இப்போது முழு மொட்டை. கண்ணாடியில் பார்த்தால் அப்பாவின் முகம் தெரிகிறது.

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சரி, அழுகை போதும். வேலையைப் பார்ப்போம்.

நல்ல காட்டுத்தேன் வாங்கு. உங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. தேனைவிட அதிகமாகத் தண்ணீர் விட்டுக் கரை. தண்ணீர் சேர்ந்தால்தான் தேன் முடியில் வேலை செய்யுமாம். அடுப்பில் மட்டும் வைத்துவிடாதே, சூடுபட்டால் அதன் குணம் போய்விடும். ஒரு கரண்டி பட்டைத்தூள், கொஞ்சம் கண்டிஷனர் சேர்த்து முடியில் மட்டும் தடவு. தலைத்தோலில் படவேண்டாம், பட்டை எரிக்கும். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார். ஒரு மணி நேரம் கழித்து அலசிவிட்டு, கெமோமில் என்கிற சாமந்திப்பூத் தேயிலையைக் கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொள். பிறகு காலை வெயிலில் காயவை. எலுமிச்சம்பழம் பக்கம் போகாதே, முடி துடைப்பமாகிவிடும். மருதாணி கூடவே கூடாது, சிவந்துவிடும். கடையில் விற்கிற ப்ளீச்சைத் தொட்டாய் என்றால் விமானம் ஏறி வந்து உதைப்பேன்.

ஒரே நாளில் ஒன்றும் தெரியாது. வாரத்துக்கு இரண்டு தடவை விடாமல் செய்தால் சில மாதத்தில் பழுப்பேறும். பசாரில் வைத்து "செம்பட்டச்சி வர்றா, ஒதுங்கு ஒதுங்கு" என்று என்னைக் கேலி செய்தவள் நீ! இப்போது நீயே செம்பட்டையாகப்போகிறாய். சாமி கணக்கு வைத்திருக்கிறார் பார்.

என் பழைய சடையிலிருந்து ஒரு கற்றை எடுத்து வைத்திருக்கிறேன், நிறம் ஒத்துப்பார்க்க.

உன் அக்கா,
துளசி

---

மீரி
16.4.2024

அன்பு அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். இந்த வருஷம் உங்களைப் பிடித்த பீடை எல்லாம் ஒழியட்டும். நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் நாலாவது மருந்தைத் தாங்கிக்கொண்டீர்களா?

என் கதையைக் கேளுங்கள். சரியாக அலசாமல் படுத்துவிட்டேன், காலையில் தலையணை முழுக்க எறும்பு. இவர் கட்டிலைவிட்டுக் குதித்து, "உங்க அக்கா உன்ன லட்டு ஆக்கிட்டாங்க லா" என்று சிரிக்கிறார். பட்டைத்தூள் கழுத்தில் வழிந்து சிவந்துபோனது. காதுக்குப் பின்னால் சோதிக்கச் சொன்னீர்கள், நான்தான் அவசரக்குடுக்கை.

ஆனால் அக்கா, நிஜமாகவே நிறம் மாறுகிறது! நிழலில் கறுப்பு மாதிரிதான் இருக்கிறது. வெயிலில் நின்றால் நுனியெல்லாம் மின்னுகிறது. புத்தாண்டுக்கு இங்கேயுள்ள தமிழர்கள் கூடினோம். ஒவ்வொருத்தியும் என் சடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். எந்த சலூன் என்று கேட்டார்கள். தேன் என்றேன், ஒருத்தியும் நம்பவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் என்னை நின்று பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரமணி

---

ஜார்ஜ்டவுன்
5.5.2024

ரமணிக்கு அக்காவின் ஆசிகள்.

நீங்கள் இருவரும் சுகம் என்று படித்ததே பாதி மருந்து. எறும்புக் கதையை அத்தானிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நாள் கழித்து இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

போன வாரம் தனலெட்சுமி திடீரென்று வந்துவிட்டார், கூறைப்புடவை நிறம் பார்க்க. நான் மொட்டைத் தலையோடு ஹாலில்! அறைக்குள் ஓடி, பக்கத்துவீட்டு ஆயிஷா கொடுத்திருந்த சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். சளி, காதுக்குள் காற்றுப் போகக்கூடாது என்று ஒரு பொய். "என்ன சம்பந்தி, இந்தப் புழுக்கத்துல இப்படிச் சுத்தியிருக்கீங்க?" என்றார். இன்னொரு தடவை இந்தப் பொய் செல்லாது ரமணி. நெற்றிவரை முடியோடு நான் அவர் முன்னால் நிற்கவேண்டும்.

உன் முடியில் ஒரு சின்னக் கற்றை வெட்டி அனுப்பு, நிறத்தை ஒத்துப்பார்க்கிறேன். வீடியோவில் காட்டு என்றால் லைன் சரியில்லை என்கிறாயே, அதனால் கேட்கிறேன்.

உன் அக்கா,
துளசி

---

மீரி
9.6.2024

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் வாய்ப்புண் ஆறியதா? இளநீர் குடியுங்கள்.

எங்கள் ஹோட்டலில் என்னைக் கணக்குப் பிரிவிலிருந்து வரவேற்பு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். புது மேனேஜர் ஃபாத்தின்தான் கேட்டு வாங்கினார். முன்னால் நிற்க நல்ல தோற்றம் வேண்டுமாம். எனக்குச் சிரிப்பாக வந்தது. பத்து வருஷமாக ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்தேன், அப்போது என் தோற்றம் எங்கே போயிருந்தது?

கற்றை இதில் வைத்திருக்கிறேன். அக்கா, அந்த அம்மாவுக்கு விக் கட்ட எவ்வளவு நாள் பிடிக்கும்? ஆகஸ்டில் அனுப்பினால் போதுமா? நுனி நன்றாகப் பழுத்துவிட்டது, மேலே இன்னும் கொஞ்சம் போகவேண்டும். அப்புறம், தோள்வரை விட்டுவிட்டு மீதியை வெட்டினால் ஆகாதா? சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள் ரமணி

---

ஜார்ஜ்டவுன்
17.6.2024

என் தங்கமே,

நீ சுகமாக இரு. வரவேற்பு மேசைக்கு என் வாழ்த்து. வாய்ப்புண் ஆறிவருகிறது.

உன் கற்றையையும் என் கற்றையையும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. உட்கார்ந்து அழுதேன்டி. இந்த நோய் வந்தபிறகு எனக்குக் கிடைத்த முதல் நல்ல சேதி இது.

ஆகஸ்ட் தாமதம். ஒவ்வொரு மயிராக ஊசியில் கோக்கவேண்டும், ஜூலை பாதிக்குள் முடி கைக்கு வரவேண்டும் என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாதி நீளம் போதாது. கொண்டை போடவேண்டாமா? பெண்ணின் தாய் சபையில் தலையை விரித்துப்போட்டுக்கொண்டா நிற்பது?

நேற்றுக்கூடச் சாப்பாட்டு நேரத்தில் தனலெட்சுமி ஸ்பீக்கர் போனில் யாரோ ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது, "அந்த வியாதியெல்லாம் ரத்தத்துலயே வரும், பார்த்துத்தான் பொண்ணு எடுக்கணும்" என்றார். அதிரா தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

முடி வளரும் ரமணி. கூந்தல் உள்ள சீமாட்டி எப்படியும் முடிவாள் என்பார்கள். உனக்கு மறுபடியும் இடுப்பு வரைக்கும் வந்துவிடும். சீக்கிரம் அனுப்பு.

உன் அக்கா,
துளசி

---

ஜார்ஜ்டவுன்
11.7.2024

ரமணிக்கு,

சுகம்தானே? உன் பதில் வரவில்லை. கூப்பிட்டால் வேலையில் இருக்கிறேன் என்று ஒரு வரி அனுப்புகிறாய். உடம்புக்கு ஏதும் இல்லையே? கடைசி மருந்து முடிந்தது, நடக்கும்போது கொஞ்சம் தள்ளாடுகிறேன். அந்த அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார். கத்தரி வைக்க மனசு வரவில்லை என்றால் அதையாவது சொல். வேறு வழி பார்க்க எனக்கு இன்னும் நாள் இருக்கிறது.

துளசி

---

மீரி
19.7.2024

அன்பு அக்காவுக்கு,

உங்கள் தள்ளாட்டம் சீக்கிரம் சரியாகட்டும். நான் சுகம். வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை.

வெட்டிவிட்டேன் அக்கா. இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டேன், இவர்தான் வெட்டினார். தலை லேசாகிவிட்டது. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதனால் கொஞ்ச நாளைக்கு வீடியோவில் கூப்பிடாதீர்கள், இந்தக் கோலத்தில் என்னைப் பார்க்கவேண்டாம்.

முடியை அதிகம் அலசவேண்டாம், அப்படியே அந்த அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு நேராக மண்டபத்துக்கு வந்துவிடுகிறேன். அதற்குள் நானும் ஏதாவது சவுரி வைத்துக்கொள்வேன்.

உங்கள் ரமணி

---

ஜார்ஜ்டவுன்
2.8.2024

ரமணி,

நீ சுகமாகத்தான் இருப்பாய். கேட்கவேண்டிய அவசியம் இல்லை.

பொட்டலம் வந்த அன்றைக்குச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டேன். எவனுடைய தலைமுடியோ தெரியாமல் கும்பிட்டேன். அலசவேண்டாம் என்றாய். வெந்த தலையில் வைக்கப்போகிற முடியை அலசாமல் யாரடி வைப்பார்கள்? வாளியில் போட்டேன். தண்ணீர் பாலில்லாத கோப்பி-ஓ மாதிரி ஆனது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே நிறம். தேன் தடவிய முடி சாயம் விடுமா? காய்ந்தபிறகு வேரடியில் நரையும் கறுப்புமாக எட்டிப்பார்த்தது. தொட்டால் தென்னங்கீற்று மாதிரி முரடு. உனக்கு ஏழு வயசிலிருந்து உன் தலையைப் பின்னியவள் நான். ஏமாற்றத்தான் ஏமாற்றினாய், வேறு யாரையாவது ஏமாற்றியிருக்கக்கூடாதா?

அப்போதும் உன்னைச் சந்தேகப்பட மனசு வரவில்லை. சலூன்காரன் மாற்றிவிட்டானோ, தபாலில் மாறியதோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ வீட்டில்தான் வெட்டினாய் என்று எழுதியதுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. நேற்று அதிரா கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, இங்க பாருங்க, சின்னம்மா முடி உங்க முடி மாதிரியே இருக்கு! எவ்ளோ அழகு!"

உன் ஹோட்டலின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்ட படம். போன வார விருந்தாம். வரவேற்பு மேசைக்கு முன்னால் நீ நிற்கிறாய். இடுப்பு வரைக்கும், அவிழ்த்துவிட்டு, ஒரு பக்கத் தோளில் வழியவிட்டு. விளக்கு வெளிச்சத்தில் என் நிறம். நீ முடி தருவதாகச் சொன்னது அவளுக்குத் தெரியாது, பாவம். எவ்வளவு அழகு என்று இரண்டு தடவை சொன்னாள். ஆமாம் என்றேன்.

முடியாது என்று பிப்ரவரியில் சொல்லியிருக்கலாம். கோபிக்கமாட்டேன் என்று எழுதினேனே. ஜூலையில்கூட வாயைத் திறந்து கேட்டேனே. நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய். பொய் சொல்லி அனுப்பினாய் பார், அந்தக் குப்பையை நான் கண்ணை மூடிக்கொண்டு தலையில் வைத்திருந்தால் என் தலை என்ன ஆகியிருக்கும் என்று ஒரு தரமாவது நினைத்தாயா?

துளசி

---

மீரி
15.8.2024

அக்கா,

உங்கள் உடம்பைக் கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

மறைக்கப்போவதில்லை. மே மாதம் வரைக்கும் உங்களுக்காகத்தான் செய்தேன், சத்தியமாக. பிறகு எப்போது எனக்காகச் செய்ய ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நாற்பத்தாறு வயசில் முதல்தடவையாக என்னை நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். இவர் காலையில் என் பின்னால் வந்து நின்று முடியைக் கோதிவிடுகிறார். கத்தரியை மூன்று தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன். முடியாது என்று எழுத உட்கார்ந்தால் உங்கள் முகம் வந்து நிற்கும். தர மாட்டேன் என்று சொல்லவும் தைரியம் இல்லை, தரவும் மனசு இல்லை. கூச்சிங் நகரத்துக் கடைக்காரன் ஒருவனிடம் முடி வாங்கினேன். சாயம் போகாது என்று சத்தியம் செய்துதான் விற்றான்.

இதுவரை உங்கள் பேச்சை மீறி ஒன்றும் செய்ததில்லை. இந்த ஒன்றில்தான் மீறினேன், அதுவும் இப்படியா என்று என்னையே காறித் துப்பிக்கொள்கிறேன்.

நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இன்றைக்கே வெட்டி, நானே விமானத்தில் கொண்டுவந்து அந்த அம்மாவின் காலில் விழுந்தாவது கட்டித்தரச் சொல்கிறேன். இது நிஜம் அக்கா.

ரமணி

---

ஜார்ஜ்டவுன்
24.8.2024

ரமணிக்கு,

நான் சுகம். தலையில் புல் முளைத்த மாதிரி முடி துளிர்க்கிறது. அத்தானும் அதிராவும் சுகம்.

முடியை வெட்டாதே. இனிமேல் அது எனக்கு வேண்டாம். கல்யாணத்துக்குள் கட்டி முடிக்கவும் முடியாதாம். அப்படி முடிந்தாலும் அதை என் தலையில் வைத்துக்கொண்டு நான் எப்படி நிற்பேன்?

போன ஞாயிற்றுக்கிழமை ஃபெரி ஏறி பட்டர்வொர்த்துக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். தனலெட்சுமி வீட்டு ஹாலில் உட்கார்ந்து சால்வையை அவிழ்த்தேன். அவர் கையிலிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நோய், மருந்து, காதுச்சளிப் பொய், உன் முடி வரைக்கும். மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்து, "எனக்கு அதிராதான் ஆன்ட்டி, இதுல மாத்தம் இல்ல" என்று என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

தனலெட்சுமி என் சால்வையை எடுத்து மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "நோய் யாருக்கும் வரும் சம்பந்தி. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பார்த்தீங்களே, அதான் எனக்கு ஆறல. அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உங்க கூட ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன்."

உனக்கு நான் எழுதியதையேதான் அவர் எனக்குச் சொன்னார். திரும்பி வரும்போது ஃபெரியில் வாய்விட்டு அழுதேன். நான் செய்ததும் நீ செய்ததும் ஒன்றுதானோ என்று யோசித்தேன். ஒன்று இல்லை. நான் பயந்துபோய் மறைத்தேன். நீ என்னைத் தினமும் காக்கவைத்துக்கொண்டு மறைத்தாய். ஆனாலும் தனலெட்சுமி என்னை இனிமேல் பழைய மாதிரி நம்பமாட்டார். அது அவர் கண்ணிலேயே தெரிந்தது. அதனால் உன்னைத் திட்டி எழுத எனக்கு இப்போது தெம்பு இல்லை.

கல்யாணம் நடக்கும். நான் இந்தத் தலையோடுதான் மேடையில் நிற்பேன். அதிராவே அப்படித்தான் நிற்கவேண்டும் என்கிறாள். தாய்க்கு அடுத்தபடியாகச் சின்னம்மா நின்று செய்யவேண்டிய நலங்குக்கும், பெண்ணை மேடைக்கு அழைத்து வருவதற்கும் அத்தானின் தங்கை பிரமிளாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒப்புக்கொண்டாள்.

இந்தக் கடிதத்தோடு அச்சடித்த அழைப்பிதழ் ஒன்று இருக்கும். உறையில் உன் பெயரையும் உன் வீட்டுக்காரர் பெயரையும் எழுதச் சொன்னேன். கூடப்பிறந்தவளுக்குத் தபாலில் அழைப்பிதழ் போவது நம் குடும்பத்தில் இதுதான் முதல்தடவை. அஞ்சல் தலை ஒட்டும்போது அத்தான் என் கையைப் பிடித்தார். நான் நிறுத்தவில்லை.

வருவதென்றால் முகூர்த்தத்துக்கு முன்னால் வாருங்கள். வந்த விருந்தாளிகள் யாரும் சாப்பிடாமல் போகக்கூடாது என்று பந்தியில் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அதிராவின் தாயார்